ஏலக்கார எலியாசரும் அடைக்கோழியும்

அந்தப் பேச்சில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால்தான் அது எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

1954, ஜனவரி. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தமிழிலிருந்து கன்னடத்துக்குப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரை தமிழிலும் அதற்குமேல் கன்னடத்திலும் படித்த பள்ளி ஆசிரியை என்பதால் சபையில் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆயர் ஞானசிகாமணி ஐயா. இந்தப் பக்கம் நாற்காலியின் நுனியில் எலியாசர், மண்டி மொஹல்லாப் பேட்டையில் ஒரு வெல்ல மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் மனைவி பஞ்சவர்ணம் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தார்.

ஆயர்தான் தொடங்கினார். "எலியாசர், போன ஞாயிறு நான் அறிவிச்சது உமக்குச் சரியா விளங்கிச்சா?"

"விளங்கிச்சுங்க ஐயா. சபைக்கு ஒரு உதவிக்குரு வேணும். காலேஜுக்குப் போக வேணாம். பார்க்கிற வேலையை விட வேணாம். வீட்டுல இருந்துகிட்டே படிக்கலாம். வருஷக் கடைசியில தேர்வு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மேசைமேல் மைக்கூட்டின் மூடி கிணுகிணுத்தது.

"மெல்லவே சொல்லலாம் எலியாசர். நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"மெல்லத்தான் ஐயா சொல்றேன்."

"அதுதானுங்க அவரோட மெல்ல" என்றார் பஞ்சவர்ணம்.

ஆயர் மூடியைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூட வாத்தியார் யாராவது முன்வருவாங்கன்னு நினைச்சேன்."

"வந்தாங்களா ஐயா?"

"இல்லை."

பிறகு ஆயர் கேட்டார். "காலையில அஞ்சு மணியிலேருந்து வெல்லத்துக்குக் கூவறவர் நீர். சாயங்காலம் நோயாளி பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணணும். உமக்கு ஏன் இந்த ஆசை?"

எலியாசர் தலை குனிந்தார். பஞ்சவர்ணம் அவர் தோளை இடித்தார். "வூட்டுல சொன்னதைச் சொல்லுங்க. எனக்குச் சொன்னாத் தெருவுக்கே சொன்ன மாதிரித்தான். இருந்தாலும் ஐயாகிட்டயும் ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

"போன ஆகஸ்ட்ல எங்கப்பா கிடையில கிடந்தப்ப நீங்க கொள்ளேகாலத்துல இருந்தீங்க ஐயா. குத்தம் சொல்லலை. நாலு ஊர் சபைக்கு நீங்க ஒரு ஆள். ஜெபம் பண்ண யாருமில்லை. சரி, நாமே வாசிப்போம்னு பைபிளை எடுத்துக்கிட்டு அப்பா தலைமாட்டுல உட்கார்ந்தேன். எனக்குத் தெரிஞ்ச தொண்டை ஒண்ணுதானே? சங்கீதத்தை எடுத்தேன். ரெண்டு நாளா கண்ணே திறக்காத மனுஷன் திறந்து பார்த்தாரு. 'மெதுவாடா'ன்னாரு. ஆயித்து. அதுதான் கடைசி வார்த்தை."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பதிவேட்டில் மூன்று பெயர்களைத் தப்பாக எழுதினேன்.

"அப்பாவுக்குத்தான் அப்படிப் போச்சு" என்றார் எலியாசர். "அடுத்த ஆளுக்காவது மெதுவா வாசிக்கணும் ஐயா."

ஆயர் ஒரு தாளை எடுத்தார். "மூணு நிபந்தனை. வாரத்துக்கு மூணு நோயாளியைப் பார்க்கணும், பார்த்ததை நோட்டுல எழுதணும். செவ்வாயும் வெள்ளியும் பாடம். புத்தகம் கன்னடத்துல இருக்கு. உமக்கு—"

"கன்னடம் பேச வரும் ஐயா. படிக்கத் தமிழ்தான்."

ஆயர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். யார் என் பக்கம் திரும்பினாலும் நான் முதலில் செய்வது அதைத்தான்.

"டீச்சர் உம்ம வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பாங்க. மூணாவது, குரல் இறங்கணும். நவம்பர்ல பெங்களூர்லேருந்து ஒரு மூத்த ஆயர் தேர்வு வைக்க வருவார். அதுக்குள்ள இறங்கலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்ற பங்குக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் பஞ்சவர்ணம். "வூட்டுல இருந்து படிக்கறதுன்னா வூடு வூடாத்தான் இருக்கோணும். குழாயடியில தண்ணி இவருதான் புடிக்கோணும். 'நான் இப்பப் பாதிக் குரு'ன்னு குடத்தைக் கீழ வெச்சாருன்னா, மீதிப் பாதிய நான் பாத்துக்குவேன்."

ஆயர் அதை நான்காவது நிபந்தனையாக எழுதிக் கையெழுத்திட்டார்.

இப்படித்தான் நான் செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்டதும் மண்டி மொஹல்லாவுக்குப் போகத் தொடங்கினேன். எலியாசரின் வீடு, வெல்ல வாசனையை விட்டு எங்கேயும் தப்ப முடியாத ஒரு சந்தில் இருந்தது. முன்னறை, சமையலறை, அவ்வளவுதான். முன்னறையில் ஒரு பெஞ்சு. நான் புத்தகத்தைக் கன்னடத்தில் ஒரு வரி வாசிப்பேன். எலியாசர் அதைத் திருப்பிச் சொல்வார். சந்து முழுவதும் கேட்கும்.

எதிர் வீட்டில் கெம்பையன் என்ற கன்னடக்காரர் இருந்தார். அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வாசலில் கால் நீட்டிப் பீடி பிடித்தபடி எங்கள் பாடத்தை விடாமல் கேட்பார். இரண்டு மாதத்தில் அவருக்குப் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் ஆறு சங்கீதமும் மனப்பாடம். எலியாசர் எங்கேயாவது தடுமாறினால் அங்கிருந்து குரல் வரும்: "அண்ணா, ஒந்து வாக்ய பிட்டுபிட்ரி!" ஒரு வரி விட்டுவிட்டீர்களாம். புத்தகத்தைப் பார்த்தால் விட்டுத்தான் இருப்பார்.

பாடம் ஏறியது. குரல் இறங்கவில்லை. எலியாசர் மேல் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருடமாக நூறு வியாபாரிகளும் ஐம்பது மாட்டு வண்டிகளும் போடும் சத்தத்துக்குமேல் தன் சத்தத்தை ஏற்றி நிறுத்திய மனிதர். வெல்ல உருண்டைகளைக் காட்டி விலையைக் கூவுவார், ஒரு தரம் என்பதைக் கன்னடத்தில் "ஒந்து சாரி" என்பார், கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்ப்பார், "எரடு சாரி" என்று நிறுத்துவார், யாரும் விரல் தூக்காவிட்டால் "மூரு சாரி!" என்று பலகையில் உள்ளங்கையால் ஒரு அறை. அந்த அறை ரயிலடிவரை கேட்கும் என்று மண்டியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய நோட்டை என்னிடம் திருத்தக் கொடுப்பார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர்.

"பிப்ரவரி 9. சின்னதுரை, காய்ச்சல். ஜெபம் செய்தேன். எழுந்து உட்கார்ந்தார். ஜெபத்தால் அல்ல, சத்தத்தால்."

"மார்ச் 2. ராகேலம்மாள், இடுப்பு வலி. நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு தூங்கவில்லை."

ஒவ்வொன்றின் கீழும் ஆயர் கையெழுத்து இருக்கும். மார்ச் 2-க்குக் கீழே மட்டும் "கவனிக்க" என்று எழுதியிருந்தார்.

வழி கண்டுபிடித்தது பஞ்சவர்ணம்தான். அவர் கௌதள்ளிப் பக்கம் பிறந்தவர், கோழி வளர்க்காத வீட்டை வீடாக மதிக்காதவர். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது பெஞ்சின் காலடியில் உமி பரப்பிய கூடை, அதில் ஒரு சிவப்புக் கோழி பதினோரு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"இதை ஏன் இங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பாடத்துக்குத்தான் கண்ணு. அடைக்கோழி, சத்தம் கேட்டா வெருண்டு எந்திரிச்சிரும். எந்திரிச்சா முட்டை கூமுட்டையாப் போயிரும். இருவத்தொரு நாளு. இவரு மெல்லப் பேசுனா எனக்குக் குஞ்சு. கத்துனா எனக்கு நட்டம். ஆயர் ஐயாவுக்கு இவரு பயப்படமாட்டாரு. எனக்குப் பயப்படுவாரு."

எலியாசர் கோழியைப் பார்த்தார். கோழி எலியாசரைப் பார்த்தது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று அவர் தொடங்கினார். கோழி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது.

அந்த முதல் அடையில் பதினொன்றில் இரண்டுதான் பொரிந்தன. "அதுலயும் ஒண்ணு செவிடு" என்றார் பஞ்சவர்ணம். ஜூன் மாதத்து அடையில் ஐந்து பொரிந்தன. ஆயர் நோட்டில் "முன்னேற்றம்" என்று எழுதினார்.

எலியாசர் குரலை இறக்கத் தேவையில்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. கெம்பையனின் தாயார் பசம்மா மூன்று வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். காது ஏறக்குறையப் போய்விட்டது. எங்கள் சபைக்காரர் அல்ல, எதிர் வீடு என்பதால் எலியாசர் போய்ப் பார்ப்பார். "பசம்மா, ஹேகித்தீரி?" என்று நலம் கேட்பார். அந்தக் குரல் ஒன்றுதான் பசம்மாவுக்கு எட்டும். மற்றவர்களெல்லாம் வாயைச் சும்மா அசைத்துத் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. நோட்டில் வாராவாரம் இருக்கும்: "பசம்மா. பேசினேன். சிரித்தார்கள்."

எல்லாம் ஓலையில்தான் கெட்டது.

எங்கள் சபைகளில் ஒரு கலியாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறு அதன் ஓலையைக் கோயிலில் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்டு, சற்று நிறுத்துவார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். யாராவது கை தூக்கினால் விசாரித்துத்தான் மேலே போக வேண்டும், அதுவும் சட்டம்.

அந்த ஆகஸ்டில் சபைச் செயலர் மாசிலாமணி சாரின் மகளுக்கு ஓலை. மாசிலாமணி சார் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட பேச்சு. ஏலக்காரர் ஒருவர் உதவிக்குரு ஆவதில் அவருக்கு முதலிலிருந்தே சம்மதமில்லை. முதல் ஞாயிறு ஆயர் வாசித்தார். இரண்டாவது ஞாயிறு ஆயர் வெளியூர். பயிற்சியின் பகுதியாக எலியாசர் வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா கோலார் தங்கவயலிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எலியாசர் நன்றாகத்தான் தொடங்கினார். கோழி உட்கார்ந்தே இருக்கும் குரல். பெயர்கள், ஊர்கள், எல்லாம் சுத்தம். "இவ்விருவரும் விவாகத்தால் இணைக்கப்படாதபடிக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும். இது இரண்டாம் முறை" என்று வாசித்து, சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினார்.

அந்த நிறுத்தம்தான் அவரைக் கவிழ்த்தது. ஒரு கூட்டத்தைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்பது அவருடைய உடம்புக்கு வேறு ஒரு இடத்தில் பழக்கம். வலது கை புத்தகத்தை விட்டது. பார்வை இடமிருந்து வலமாக ஒரு சுற்று போனது. நான் மூன்றாவது வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டிப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"எரடு சாரி..." என்றார் எலியாசர், மண்டிக் குரலில்.

கடைசி வரிசையில் வெல்ல வியாபாரி சாலமோன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண் திறக்கவில்லை. கை மட்டும் மேலே போனது.

"மூரு சாரி!" வாசிப்புப் பலகைமேல் அறை விழுந்தது.

பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கவயல் சித்தப்பா எழுந்து திரும்பினார். "அங்க கை தூக்கினது யாரு? என்ன தடை? இப்பவே சொல்லணும்!"

ஆராதனை முடிந்து சின்ன அறையில் விசாரணை நடந்தது. நான்தான் எழுதினேன்.

"சாலமோன், என் மகளுக்கு என்னய்யா தடை கண்டீர்?" என்றார் மாசிலாமணி சார்.

"ஒரு தடையும் இல்லீங்க சார். தங்கமான பொண்ணு. கை தானா தூக்கிடுச்சு."

"கை எப்படிய்யா தானாத் தூக்கும்?"

"இருபது வருஷமா அவர்கிட்ட சரக்கு எடுக்கறேன் சார். அவர் 'எரடு சாரி'ன்னா நான் தூங்கினாலும் தூக்கும். சந்தேகம்னா என் சம்சாரத்தைக் கேளுங்க."

தங்கவயல்காரர் சம்சாரத்தையும் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாள் ஆமாம் என்றார்கள். நான் அதையும் எழுதினேன். கலியாணம் ஒரு வாரம் தள்ளி நடந்தது. மாசிலாமணி சார் ஆயருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். எலியாசர் உதவிக்குரு ஆனால் தான் செயலர் பதவியில் இருக்கப்போவதில்லை என்பது அதன் கடைசி வரி. ஆயர் யோசித்து, நவம்பரில் தேர்வுக்கு வரும் மூத்த ஆயர் தீர்மானிக்கட்டும், அதுவரை எலியாசர் கோயிலில் வாயைத் திறக்க வேண்டாம் என்றார்.

எலியாசர் கோயிலில் மட்டுமல்ல, எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. பாடத்தை உதட்டசைவில் சொன்னார். எதிர் வாசலில் கெம்பையன் பீடியை அணைத்துவிட்டுக் காதில் கை வைத்துப் பார்த்தார், பிறகு கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நோட்டில் பசம்மாவின் வரி மாறியது: "பசம்மா. பேசினேன். கேட்கவில்லை."

மண்டியிலும் அதே கதி. ஒரு திங்கட்கிழமை, கைகளைக் கட்டிக்கொண்டு, "ஒந்து சாரி" என்று ஜெபம்போல அவர் சொல்ல, வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒருவர் தலைப்பாகையைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். "யாரு போயிட்டாங்க?" என்று ஒருவர் கெம்பையனிடம் கேட்டிருக்கிறார். முதலாளி கூப்பிட்டு, வருடக் கடைசிக்குள் தொண்டை திரும்பாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

பஞ்சவர்ணம் பள்ளிக்கூட வராந்தாவில் வந்து என்னருகே உட்கார்ந்தார்.

"கண்ணு, வூட்டுல கோழி ஒண்ணுதான் சந்தோசமா இருக்குது."

நான் தலையாட்டினேன்.

"மெல்லப் பேசற புருசன் வேணும்னு இருவத்திரெண்டு வருசம் முழங்கால் போட்டேன். இப்பக் கர்த்தரு குடுத்துட்டாரு. குடுத்தப்புறந்தான் தெரியுது, எனக்கு அது புடிக்கலை. அந்தாளு வூட்ல இருக்காரா இல்லையான்னே தெரிய மாட்டீங்குது. நேத்து, ஆளில்லைன்னு நெனச்சுக் கதவைப் பூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டேன். உள்ளயே உக்காந்திருந்திருக்கறாரு."

மூத்த ஆயர் நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். மெலிந்த கிழவர், கையில் குடை. "வீட்டிலிருந்து படித்தவரை வீட்டில்தான் சோதிக்க வேண்டும்" என்று சொல்லி நேரே மண்டி மொஹல்லாவுக்கு வந்துவிட்டார். பின்னால் எங்கள் ஆயர், மாசிலாமணி சார், விசாரணைக் காகிதத்தோடு நான்.

கோழி மூன்றாவது அடையின் பதினெட்டாம் நாளில் இருந்தது. மூத்த ஆயர் பெஞ்சில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கேள்வி கேட்டார். எலியாசரின் உதடுகள் அசைந்தன. கிழவர் காதில் கை வைத்தார். "சத்தமே வரவில்லையே!"

"ஆகஸ்ட்டில் வேண்டிய அளவு வந்ததுங்க" என்றார் மாசிலாமணி சார்.

அதனால் விசாரணைக் காகிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். என் குரலும் எழும்பவில்லை. "கொஞ்சம் உரக்க, அம்மா" என்றார் கிழவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எலியாசரின் பழைய தொண்டையை ஒரு நிமிடம் கடன் வாங்கலாமா என்றிருந்தது. "கை தானாக உயர்ந்ததென்று கூறினார்" என்ற இடத்தில் மூத்த ஆயர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

பிறகு நோட்டைப் புரட்டினார். "இது யார், பசம்மா? ஆகஸ்ட்வரை 'சிரித்தார்கள்'. அப்புறம் 'கேட்கவில்லை'. வாருங்கள், பார்ப்போம்."

"அவங்க நம்ம சபை இல்லைங்க" என்றார் மாசிலாமணி சார்.

"எதிர் வீடுதானே? மழை வருமுன் போய்வந்துவிடலாம்."

பசம்மா கட்டிலில் கிடந்தார். எலியாசர் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். பசம்மா அவர் வாயையே பார்த்தார். "ஏனப்பா, நீனூ ஹாகே ஆகிபிட்யா?" என்றார். நீயும் அப்படி ஆகிவிட்டாயா என்றுதான் கேட்டார். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது.

எலியாசர் நிமிர்ந்தார். மூத்த ஆயரைப் பார்த்தார். மாசிலாமணி சாரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் பத்து மாதப் பாடமும் போய்விடும் என்று அவர் நினைத்தது, அவர் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

நிலைப்படியில் நின்றிருந்த பஞ்சவர்ணம் சொன்னார்: "இங்க கோழி இல்லீங்க. கத்துங்க."

"பசம்மா! ஹேகித்தீரி?"

கூரை ஓட்டிலிருந்து தூசி விழுந்தது. மாசிலாமணி சார் ஒரு அடி பின்னால் போனார். பசம்மாவின் முகம் மலர்ந்தது. எலியாசர் நிறுத்தவில்லை. செவ்வாயும் வெள்ளியுமாகப் படித்த கன்னடச் சங்கீதத்தை முதலிலிருந்து எடுத்தார். சந்தில் போன வண்டிக்காரர் மாட்டைப் பிடித்து நிறுத்தினார். பசம்மா தாளம்போல விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான்காவது வசனத்தில் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா! ஒந்து வாக்ய பிட்டுபிட்ரி!"

மூத்த ஆயர் திரும்பினார். "இவர் யார்?"

"கெம்பையன். மண்டியில மூட்டை தூக்கறவர்" என்றார் எங்கள் ஆயர்.

"இவரும் தேர்வுக்குப் படித்தாரா?"

விட்ட வரியை எலியாசர் திரும்ப எடுத்துச் சொல்லி முடித்தார்.

திரும்பி வந்து பார்த்தால் கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் கழித்துப் பதினொன்றும் பொரிந்தன. ஆனால் மூத்த ஆயர் அதற்காகக் காத்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே தாளில் எழுதினார்: கோழிக்கு ஒரு குரலும் பசம்மாவுக்கு ஒரு குரலும் இந்த மனிதரிடம் இருக்கின்றன, இனி எந்த வீட்டில் எது என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம். மாசிலாமணி சார் ராஜினாமா செய்யவில்லை. ஐந்தாவதாக ஒரு நிபந்தனையை மட்டும் எழுத வைத்தார்: ஓலை வாசிக்கும்போது எலியாசர் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும்.

டிசம்பரில் அபிஷேகம் நடந்தது. அன்று காலையும் வெள்ளை அங்கியைக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுக் குழாயடியில் அவர்தான் தண்ணீர் பிடித்தார். மறுநாள் மண்டியில் தலைப்பாகைகள் தலையிலேயே இருந்தன.

அதற்கப்புறம் சபையில் யார் படுத்தாலும் முதலில் எலியாசருக்குத்தான் ஆள் போகும். இரண்டு வருடம் கழித்து மாசிலாமணி சாருக்கு டைபாய்டு வந்தது. ஒன்பது நாள் சாயங்காலமும் எலியாசர் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தார். ஆறாம் நாள் மாசிலாமணி சார் கண் திறந்து, "கொஞ்சம் சத்தமா வாசியும்யா, ஒண்ணும் கேட்கலை" என்றாராம். இதை எலியாசர் என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். மாசிலாமணி சார் பிழைத்துக்கொண்டார். ஐந்தாவது நிபந்தனையை மட்டும் அவர் நீக்கவில்லை.

1957-இல் என் ஓலை. முதல் இரண்டு ஞாயிறும் எலியாசர்தான் வாசித்தார். புத்தகத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. மூன்றாவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, நாளைக்கு மாசிலாமணி சார் தங்கவயல் போறாரு. பேரனைப் பார்க்க."

நான் தலையாட்டினேன்.

"நாளைக்கு மூணாவது தடவை. கணக்குப்படி சரிதான், முன்னே மாதிரி ஒரு வாரம் முந்திப் போகலை. சாலமோனை நான் வெளியில உட்கார வெச்சுடறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். எந்த அடைக்கோழியும் எழுந்திருக்காது, அவ்வளவு தாழ்வாக. "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கடைசியில ஒரு கையை எடுத்து, பலகையில ஒரே ஒரு தட்டு தட்டிக்கறேனேம்மா. மெதுவாத்தான்."